இடது வெளிச்சம்

யெரெவானில் அந்தக் குளிர்காலம்
மின்சாரம் நாளுக்கு ஒரு மணி நேரம்.
எந்த ஒரு மணி என்பது
வந்த பிறகுதான் தெரியும்.
கம்பியிலிருந்து திருடினால் அதற்குப் பெயர்
இடது வெளிச்சம்.
எனக்குத் திருடத் தெரியாது; பயம்.

பூங்காவில் மரங்கள் தீர்ந்திருந்தன.
ஒன்பதாம் மாடியில், தகர அடுப்புக்கு
தரைப் பலகைகளைப் பெயர்த்துப் போட்டேன்.
ரொட்டி தலைக்கு இருநூற்றைம்பது கிராம்.
நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்ததோ
ஒரு தேக்கரண்டி
சில நூறு கோடி டன் நிறுக்கும் பொருளை.

நியூட்ரான் விண்மீன் ஒரு வேடிக்கை.
எடை குறையக் குறையப் பருக்கும்.
எங்களைப் போல:
உடம்பு பாதியானது,
இருந்த கோட்டையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் மாட்டி
கதவில் இடித்துக்கொண்டு நடந்தோம்.

நான் தேடியது மற்றொன்றை.
நசுக்கி நசுக்கி நியூட்ரானே உடைந்து
மேல், கீழ் என்ற குவார்க்குகளோடு
விந்தை என்ற மூன்றாவதும்
ஏறக்குறைய சமமாய்ச் சேர்ந்த கூழ்.
ஈர்ப்பின் தயவு வேண்டாம் அதற்கு.
தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும்.
பிடியளவு எடுத்து வைத்தாலும் சிதறாது.
எடை குறைந்தால் சிறுக்கும்,
யோக்கியமாக.

இது மெய்யானால்
இரும்பு, அடுப்புத் தகரம், ரொட்டி, என் முழங்கால்
எல்லாமே தற்காலிக ஏற்பாடு.
பொருளின் தரைத்தளம் வேறெங்கோ இருக்கிறது.
நாம் மாடிப்படியில் மூச்சு வாங்க நிற்கிறோம்;
பிரபஞ்சத்தின் வயதையும் தாண்டி நிற்போம் என்றாலும்
நிற்கிறோம், அவ்வளவுதான்.

எட்டாம் மாடித் திருப்பத்தில்
தண்ணீர் வாளியோடு நின்ற வார்துஹியிடம் சொன்னேன்.
"தற்காலிகமா?" என்றாள்.
"அரசாங்கமும் அதைத்தான் சொல்கிறது."

பிப்ரவரி. இரவு இரண்டேகால்.
ஃபிரிட்ஜ் முனகியது.
கட்டடம் முழுக்க விளக்கு, ஓட்டம்,
மாவு அறையும் சத்தம்,
குளிப்பாட்டுவதற்காக எழுப்பிய குழந்தையின் அழுகை.
கெட்டிலைப் பார்த்தேன். கணினியைப் பார்த்தேன்.
பழைய வயர், இரண்டையும் தாங்காது.

கணினி.

மையத்தில் தொடங்கி
தோல் தோலாய் வெளியே வரும் கணக்கு.
ஒவ்வொரு படியிலும் அழுத்தம் இறங்கும்.
அது பூஜ்ஜியமாகும் இடம் விளிம்பு.
மற்ற விண்மீன்களில் அடர்த்தியும் கூடவே
தேய்ந்து தேய்ந்து ஓயும்.
இதில் அது கடைசிவரை குறையாத கனத்தோடு வந்து
மேசை விளிம்புபோல் சட்டென்று முடியும்.

எட்டு கிலோமீட்டர். ஒன்பது.
பத்தரையில் இருட்டு,
மேசை விளிம்புபோல்.

மெழுகுவத்தி தேடும்போதும்
கடைசி வரிசை எண்கள்
கண்ணுக்குள் பச்சையாய் இருந்தன.
மறப்பதற்குள் சுவரில் எழுதினேன்.
மீதிப் படிகள் பென்சிலில்,
கையுறையோடு, இரண்டு முறை தப்பாக.
நடுவே அடுப்பு அணையப் பார்த்தது.
பதினைந்து வருடம் முன் நான் எழுதிய
நியூட்ரான் அத்தியாயத்தை உள்ளே தள்ளினேன்.
தவறு என்பதால் அல்ல.
தடித்த தாள்.

விடிகையில் கிடைத்தது:
ஆரம் பத்து புள்ளி எட்டு.
மையத்தை அவானில் ஊன்றினால்
விளிம்பு ஷெங்காவித் பக்கம் விழும்.
ஒரு சூரியனுக்கு இரண்டு சூரியன்,
இந்த இருண்ட ஊரை மையம்வரை மூடி.
அதன்மேல் நம்மைப் போன்ற சாதாரணப் பொருள்
ஒரு மெல்லிய ஓடாக மிதக்கலாம்.
தொடாது.
அணுவைவிடச் சிறிய இடைவெளியில்
மின்புலம் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும்;
தொட்டால் அதுவும் விந்தையாகிவிடும்.

அப்படி ஒன்றை யாரும் கண்டதில்லை.
இருக்கிறதென்று நான் சத்தியமும் செய்யவில்லை.

வார்துஹி கதவைத் தட்டினாள்.
அந்த ஒரு மணியில் சுட்ட லவாஷ்,
இன்னும் சூடு, கோட்டுக்குள் ஒளித்து.
"ராத்திரி முழுக்க விழித்தாயே, கிடைத்ததா?"
"பத்து புள்ளி எட்டு."
"என்ன?"
"கிலோமீட்டர்."
அவள் கிழித்துப் பாதியை நீட்டினாள்.
"எங்கே போக?"